பூட்டிய கிட்டங்கியில் ஐம்பது சூரியன்

மனுவேல் மோத்தாவுக்குத் தூத்துக்குடியில் இரண்டு பெயர் இருந்தது. பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறவர் என்பது ஒன்று. பெண்டாட்டிமேல் பைத்தியமாக இருக்கிறவர் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஊர் காட்டிய சாட்சி ஒன்றேதான். தினமும் சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் அவர் கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளியின் வாசலில் வந்து நிற்பார். மனைவி கிளாடிஸ் டீச்சர் வெளியே வந்ததும் அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பிடித்த பிடியை வீட்டு வாசலில்தான் விடுவார். புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் பத்தடி இடைவெளி விட்டு நடப்பதுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் மரியாதை. ஆகவே இந்த முழங்கை விவகாரம் டீக்கடைகளில் அலசப்பட்டது.

“ஏலே, மணி ஆறாயிருச்சா?”

“மோத்தா இன்னும் வரல்லியே. ஆகியிருக்காது.”

“பொண்டாட்டி எங்கன ஓடிப்போயிருவாளாம் இந்த மனுசனுக்கு?”

“ஓடுனாத்தான் என்ன? கயித்தப் போட்டு இழுத்துருவாருல்லா.”

கயிறு மோத்தாவின் பிழைப்பு. தோணிகளுக்குக் கயிறும் பாய்த்துணியும் விற்ற ஒரு கம்பெனியில் அவர் மேஸ்திரி. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலுக்குள் தள்ளி நின்ற காலம் அது. சரக்கெல்லாம் தோணியில்தான் போய் வரும், தோணிக்கு உயிர் கயிறு. வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் வீட்டில் குடை, மண்ணெண்ணெய் டின், சன்னல் கதவு, கோழி, எல்லாம் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பெயரும் உண்டு.

முழங்கையைப் பிடித்ததற்குக் காரணம் சந்தேகமுமில்லை, பைத்தியமுமில்லை. கிளாடிஸ் டீச்சருக்கு மாலைக்கண். பகலில் அவர் பார்வை பிரசித்தம். கடைசி பெஞ்சில் ஒருத்தி இன்னொருத்தியின் சிலேட்டை எட்டிப் பார்த்தால், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வெளிச்சம் மங்கியதும் உலகம் அவருக்குக் கறுப்புத் துணி. அவர் அப்பாவுக்கும் அப்படித்தான். கலியாணமான புதிதில் மனுவேல் சுறா எண்ணெயால் இதைச் சரிபண்ணிவிடலாம் என்று நம்பினார். ஊரெல்லாம் அதுதான் மருந்து. டீச்சர் மூன்று வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். உடம்பு பூரித்தது, கூந்தல் வளர்ந்தது, இருட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதை வெளியே சொல்லவில்லை. ‘கண் தெரியாத டீச்சர்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் வேலை நிலைக்காது என்று பயம். புருஷன் சந்தேகக்காரன் என்று பேசிக்கொள்ளட்டும், அதனால் யாருக்கும் வேலை போவதில்லை. மனுவேலும் அந்தப் பெயரை அப்படியே சுமந்தார்.

டீச்சர் சொல்லிக்கொடுத்தது சயன்ஸ். சயன்ஸிலும் அவருக்கு உயிர் என்றால் அது வானம். கிரகங்களின் வரிசை, நட்சத்திரக் கூட்டங்கள், எந்த மாதம் எது எங்கே உதிக்கும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். கரும்பலகையில் சாக்பீஸ் புள்ளி வைத்து ஐந்தே நிமிஷத்தில் கார்த்திகை மாதத்து வானத்தைக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் பிறந்தது முதல் அவர் ஒரு நட்சத்திரத்தைக்கூடக் கண்ணால் பார்த்தது கிடையாது. பார்த்தவர்கள் அந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அதன் பெயர் தெரியாது.

சாயங்காலம் வீடு திரும்பும் நடைதான் அவருடைய வானாராய்ச்சி. பாதையை மனுவேல் பார்த்துக்கொள்வார். வானத்தை டீச்சர் பார்க்கச் சொல்வார்.

“மேக்க பாருங்க. பெருசா ஒண்ணு இருக்கா?”

“இருக்கு.”

“நேர் மேல, வரிசையா மூணு?”

“இருக்கு.”

“கொஞ்சம் தள்ளி, செவப்பா?”

“இருக்குளா, இருக்கு. அங்கன பள்ளம், பாத்து வா.”

எதைக் கேட்டாலும் மனுவேல் இருக்கு என்பார். இல்லை என்று சொல்லி அவள் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. ஒருநாள் இப்படி நாலைந்து நட்சத்திரங்களை வரிசையாக ஒப்புக்கொண்டிருந்தபோது டீச்சரின் புறங்கையில் ஒரு மழைத்துளி விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

“நட்சத்திரமெல்லாம் நனைஞ்சிக்கிட்டா இருக்கு?” என்றார் டீச்சர்.

“மேகத்துக்குப் பின்னால இருக்கும்லா?” என்றார் மனுவேல்.

அறிவியல்படி இதில் பிழை இல்லை. டீச்சர் விட்டுவிட்டார்.

யுத்தத்தில் இருட்டடிப்பு வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று துறைமுகத்து விளக்குகளை அணைத்தார்கள், சன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். ஊரே சாக்கடையில் விழுந்து எழுந்தது. டீச்சர் மட்டும் எப்போதும்போல நடந்தார். அந்த ஆறேழு மாதமும் தூத்துக்குடியில் சாயங்காலத்துக்குமேல் நேராக நடந்த பெண்பிள்ளை அவர் ஒருத்திதான்.

நாற்பத்து நான்காம் வருஷம் ஆனி மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த கோடையில் கொடைக்கானல் மலைமேல் உள்ள வான ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மாதப் பயிற்சி. ஜில்லாவுக்கு ஒரே ஓர் ஆசிரியர். திரும்பி வந்து மற்ற பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும். பள்ளியின் மதர், டீச்சரைக் கேட்காமலே பெயரை அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்ட்ரஸ் கோமதி அம்மாள் நேரில் வந்து ஒரு பாடம் பார்ப்பார். அந்த ஆடி அமாவாசைக்குச் சூரிய கிரகணம். வானத்தைப் பற்றிய பாடம்தானே, அன்றைக்கே வருகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

டீச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“போவணும்னு இருக்கா?” என்று மனுவேல் கேட்டார்.

“இருக்கு.”

“அப்பம் போ.”

“என்னத்தப் போக? ராத்திரி ஆனதும் தொலைநோக்கிக்கு முன்னால உக்காத்தி வெப்பாங்க. என்ன தெரியுதுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?”

“இருக்குன்னு சொல்லு.”

டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். மனுவேல் எழுந்துபோய் ஏற்கெனவே கட்டியிருந்த சன்னல் கதவை மறுபடியும் ஒருமுறை கட்டினார்.

போகவில்லை என்று சொன்னால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் போனால் மலைமேல் முதல் ராத்திரியே குட்டு உடையும். யோசித்து யோசித்து டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடத்தைச் சுமாராக நடத்திவிட்டால் போதும், இன்ஸ்பெக்ட்ரஸ் வேறு யாரையாவது எடுத்துக்கொள்வார். உலகத்திலேயே அதிகமாக ஆசைப்பட்ட ஒன்று தனக்குக் கிடைக்காமல் போகவேண்டும் என்று அவர் மாதாவிடம் வேண்டிக்கொண்டார். ஆனால் சுமாராக நடத்துவது எப்படி என்று ஆசிரியப் பயிற்சியில் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாடத்தைத் தயார்பண்ண உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வேண்டுதல் மறந்துபோனது.

முதல் சிக்கல், பாடத்துக்குப் பிள்ளைகள் வேண்டும். கிரகணத்தன்று பெண்பிள்ளையை வெளியே அனுப்பும் வீடு அந்த ஊரில் கிடையாது. எதிலும் ஒத்துப்போகாத கத்தோலிக்கர்களும் இந்துக்களும் ஒரே மனதாக இருந்த விஷயங்களில் இது ஒன்று. கிரகணம் பிடித்தால் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைப்பார்கள். கிரகணம் உள்ளே வந்துவிடக் கூடாது.

அடைத்த வீட்டை நினைத்தபோதுதான் டீச்சருக்கு அது ஞாபகம் வந்தது. சின்ன வயதில் இப்படித்தான் ஒரு கிரகணத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். கும்மிருட்டு. அவருக்கு எதுவுமே தெரியவில்லை, தரையில் கிடந்த ஒன்றைத் தவிர. ஓட்டின் இடுக்கு வழியாக வந்த வெளிச்சம், கடித்த அப்பம் மாதிரி, ஒரு பக்கம் குறைந்து கிடந்தது. கிரகணம் வரக்கூடாது என்று பூட்டிய வீட்டுக்குள் அது கூரை வழியாக இறங்கி வந்து படுத்திருந்தது. இருட்டாக அடைத்தால்தான் அது தெரியும். அப்படியென்றால் தூத்துக்குடிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிரகணம் பார்ப்பதற்கு மிகச் சிறந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மோத்தாக்களுக்குச் சொந்தமாகச் சரக்கு அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்று இருந்தது. மனுவேலின் அப்பா முத்துத் தரகர். கடைசியாக முத்துக் குளித்துப் பதினாறு வருஷம் ஆகிவிட்டதால் கிட்டங்கியைக் கருப்பட்டி வியாபாரி ராஜதுரை நாடாருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர் மகள் சந்தனமாரி டீச்சரின் வகுப்பு. அவர் சரியென்றால் மற்றவர்களும் சரியென்பார்கள். டீச்சர் கடைக்கே போனார்.

“அண்ணாச்சி, கிரகணத்தன்னைக்குப் பிள்ளைய அனுப்பணும்.”

ராஜதுரை தராசைக் கீழே வைத்தார். “டீச்சர், நீங்க படிச்சவுக. பொம்பளப் பிள்ளைய கிரகணத்துல வெளிய விடலாமா?”

“வெளிய விடவேண்டாம். கிரகணம் பிடிக்கதுக்கு முன்னாலயே உங்க கிட்டங்கிக்குள்ள வந்துரட்டும். விட்ட பெறவுதான் கதவத் தொறப்போம். வீட்டுல அடைச்சுப் போடுததுக்குப் பதிலா அங்கன அடைச்சுப் போடுதோம், அவ்வளவுதான்.”

ராஜதுரை இதில் ஓட்டை இருக்கிறதா என்று எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

“நடுவுல கதவு தொறக்கப்படாது.”

“தொறக்க மாட்டோம்.”

“எத்தன மணிக்குப் பிடிக்குதாம்? சர்க்கார் மணிக்கா, சூரியன் மணிக்கா?” யுத்தத்துக்காக அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்திருந்த சமயம்.

“சூரியன் சர்க்காரக் கேக்காது அண்ணாச்சி. வெள்ளனவே அனுப்பிருங்க.”

ராஜதுரை சம்மதித்தார். “நீங்க எங்க இருப்பீக?” என்று மரியாதைக்கு டீச்சர் கேட்டார்.

“நான் கடல்ல நிப்பேன். ஆடி அமாவாசைல்லா? அப்பாவுக்குத் தர்ப்பணம்” என்றார் ராஜதுரை. கிரகணம் ஆண்பிள்ளைகளை ஒன்றும் செய்வதில்லை போலிருக்கிறது.

அடுத்தது கருவி. மாமனாரின் மரப்பெட்டியில் முத்து சலிக்கும் பித்தளைத் தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. உள்ளங்கை அகலம்தான். ஒவ்வொன்றிலும் ஒரே அளவான துளைகள். தட்டில் முத்தைப் போட்டு அசைத்தால் சின்னது கீழே விழும், பெரியது நிற்கும். எத்தனை துளையோ அதுவே தட்டின் பெயர். டீச்சர் ‘ஐம்பது’ என்ற தட்டை எடுத்து முற்றத்து வெயிலில் இடுப்பளவு உயரத்தில் பிடித்துப் பார்த்தார். தரையில் விழுந்த நிழலுக்குள் ஐம்பது வட்ட வெளிச்சம். ஐம்பதும் சூரியனின் உருவம். சூரியன் குறைந்தால் ஐம்பதும் குறையும்.

மனுவேல் பக்கத்தில் நின்று பார்த்தார். “அப்பா இருந்தா அழுதுருவாரு. முத்து சலிக்கத் தட்டுல வெயிலச் சலிக்கா பாரு” என்றார்.

ஏற்பாடு இதுதான். கிட்டங்கிக் கூரையில் ஓர் ஓட்டைக் கழற்றிவிடுவது. இருட்டடிப்பில் மிஞ்சிய கறுப்புக் காகிதத்தைச் சன்னல்களில் ஒட்டுவது. தரையில் வெள்ளைப் பாய்த்துணி விரிப்பது. கூரை வெளிச்சம் துணியில் விழும் இடத்துக்குப் பக்கத்தில், பகலிலேயே போய், ஒரு முக்காலியில் டீச்சர் உட்கார்ந்துகொள்வது. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே பாடம் நடத்துவது. நடக்கவேண்டிய அவசியமே இல்லை.

இந்த ஏற்பாட்டில் மனுவேல் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். பிரியத்தில் செய்ததுதான். அவ்வளவு நேரம் கையில் பிடித்தால் அவளுக்குக் கை வலிக்கும், தட்டும் ஆடும் என்று, அன்று காலையில் ஏறி, தட்டைக் கூரை ஓட்டையிலேயே வைத்து நாலு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். புயலடித்தாலும் அசையாது. டீச்சரிடம் சொல்லவில்லை. சந்தோஷப்படட்டும் என்று வைத்திருந்தார். டீச்சரோ தட்டு பெட்டியில் இருக்கிறது, பெட்டி முக்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்ட்ரஸ் கோமதி அம்மாள் குதிரைவண்டியில் வந்து இறங்கினார். பி.ஏ. படித்தவர். தண்ணீர்க் கூஜாவுக்குள் ஒரு தர்ப்பைப் புல் மிதந்தது.

“சயன்ஸ் பாடத்துக்குத்தான் வந்திருக்கேன். இருந்தாலும் தண்ணி தண்ணிதானே” என்றார் யாரும் கேட்காமலே.

பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள், நடுவில் பாதை. இன்ஸ்பெக்ட்ரஸ் ஏதோ கேட்டுக்கொண்டே வர, டீச்சர் வாசலிலேயே பதில் சொல்லிக்கொண்டு நிற்க, கடலுக்குக் கிளம்பிய ராஜதுரை நாடார், “பிடிக்கப்போவுது, பிடிக்கப்போவுது, சாத்துங்க!” என்று கூவினார். மனுவேல் வெளியே இருந்து கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டார். பழக்கதோஷம், தாழைக் கயிற்றாலும் கட்டினார். டீச்சர் இன்னும் கதவோரத்தில்தான் நின்றார். முக்காலி கிட்டங்கியின் மறுகோடியில் இருந்தது.

மற்றவர்களுக்குச் சில நிமிஷத்தில் இருட்டு பழகிவிட்டது. டீச்சருக்குப் பழகாது. தூரத்தில் தரையில் ஏதோ வெளிச்சம் கிடப்பது மட்டும் தெரிந்தது. அதுவும் எதிர்பார்த்தது மாதிரி இல்லை. பிசைந்த மாவு மாதிரி உருவமில்லாமல் கிடந்தது.

“இதுதான் கிரகணமாம்மா?” என்றார் கோமதி அம்மாள். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது. தட்டு கூரையில் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் ஐம்பது சூரியனும் பெரிதாகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். தட்டைக் கீழே இறக்கித் துணிக்குப் பக்கத்தில் பிடிக்கவேண்டும். யார் இப்படிச் செய்திருப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“தட்டு மேல மாட்டிக்கிட்டுதும்மா. இறக்கணும்.”

“ஒரு பிள்ளைய ஏறச் சொல்லேன். அதான் கருப்பட்டிச் சிப்பம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கே.”

“வேண்டாம்மா. சிப்பம் சரிஞ்சா? பத்திரமா வெச்சிருப்பேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்த பிள்ளைங்க. நானே ஏறுதேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று டீச்சருக்கே உறைத்தது. சுமாராக நடத்துவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ‘மன்னிக்கணும்மா, சரியா வரல்ல’ என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றால் தீர்ந்தது. வேலையும் நிலைக்கும், குட்டும் உடையாது, மலைக்கும் போகவேண்டாம். ஆனால் கூரைக்கு மேலே சூரியன் குறைந்துகொண்டிருந்தது. அடுத்தது எப்போது வருமோ. டீச்சர் கையை முன்னால் நீட்டி ஓர் அடி எடுத்து வைத்தார். யார் காலை மிதிக்கப்போகிறோம் என்று தெரியவில்லை. நின்றுவிட்டார்.

அப்போது இடப்பக்கம் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டது.

“இங்கன ஆக்னஸ் இருக்கேன் டீச்சர்.”

வலப்பக்கத்தில், “இங்கன நானு, சந்தனமாரி.”

அடுத்த அடிக்கு அடுத்த குரல். இடமும் வலமுமாக, அவர் வரும்போது சொல்லி, அவர் கடந்ததும் அடங்கி, பாதை நெடுகக் குரல்கள். மழைக்கால சாயங்காலங்களில் வகுப்பு இருண்டுவிட்டால் இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் “டீச்சர், டீச்சர்” என்று முணுமுணுப்பார்கள். சேட்டை என்று நினைத்து இத்தனை வருஷம் அதட்டியிருக்கிறார். எல்லாருக்கும் எப்போதோ தெரிந்திருக்கிறது. ஒருத்தியும் வீட்டில் போய்ச் சொல்லவில்லை, ஒருத்தியும் அவரிடமும் சொல்லவில்லை. டீச்சர் நடந்தார். கோணாமல் நடந்தார்.

சிப்பங்களைத் தடவி ஏறினார். கை தட்டில் பட்டது, கயிற்றில் பட்டது, முடிச்சில் பட்டது. பார்த்து அவிழ்க்க முடியாது. பார்க்காமல் அவிழ்க்கக்கூடியதாக மனுவேல் எதையும் கட்டியதில்லை.

“இந்தாங்க!” என்று கூரையைப் பார்த்துக் கத்தினார். “இதுல என்ன முடிச்சுப் போட்டிருக்கீக?”

கதவுக்கு வெளியே மனுவேலின் குரல் பதறியது. “எதுல?”

“தட்டுல!”

“அத எதுக்கு அவுக்க? ஆடாம இருக்கணும்னுல்லா கட்டியிருக்கேன்! நீ எங்கன நிக்க?”

“சிப்பத்து மேல!”

“ஏளா, எறங்குளா! இருட்டுல உனக்குத்தான் கண்ணு...”

குரல் பாதியில் அறுந்தது. கதவுக்கு வெளியே ஒரு மனிதன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நிற்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

டீச்சர் அமைதியாகக் கேட்டார். “முடிச்சச் சொல்லுங்க.”

உடைந்த குரலில் பதில் வந்தது. “பாய் முடிச்சுதான். குட்டையா ஒரு நுனி இருக்கும். அதப் பிடிச்சு இழு. மெதுவா.”

டீச்சர் இழுத்தார். நாலு முடிச்சும் வரிசையாக விட்டுக்கொடுத்தன. தட்டை எடுத்ததும் கூரையிலிருந்து வெயில் ஒரு தூண் மாதிரி சாய்வாக இறங்கியது, கருப்பட்டித் தூசி அதில் மினுங்கியது. அவ்வளவு வெளிச்சம் டீச்சருக்குப் போதும். இறங்கி முக்காலியில் உட்கார்ந்து, அந்தத் தூணுக்குள் தட்டைப் பிடித்தார்.

வெள்ளைத் துணியில் ஐம்பது சூரியன் விழுந்தது. ஐம்பதும் பாதிக்குமேல் கரைந்து, வளைந்து, கூர்மையாக, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

ஒரே கூச்சல். “வெட்டிப் போட்ட நகம் மாரி!” “ஏளா, பெருநாப் பெறைளா, எங்க வீட்டுல மாடில ஏறிப் பாப்போம்!” “டீச்சர், நகருது டீச்சர்!” சந்தனமாரி தன் பாவாடையில் நாலைந்து சூரியனைப் பிடித்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்றாள். கோமதி அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினார். கையில் மூன்று பிறை. அவற்றைக் கீழே போட மனமில்லாமல் ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். டீச்சர் பாடம் நடத்தினார். சுமாராக நடத்தவில்லை.

பிறைகள் தடித்து, வட்டங்களாகி, கிரகணம் விட்டது. கதவு திறந்தது. மனுவேல் யார் முகத்தையும் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினார். பிள்ளைகள் போன பிறகு டீச்சர் இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, கேட்டிருப்பீங்க. எனக்கு மாலைக்கண். மலைக்கு என் பேரை எழுத வேண்டாம். ராத்திரி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“ராத்திரி உனக்கு அங்க என்ன வேலை?” என்றார் கோமதி அம்மாள்.

“நட்சத்திரம் பார்க்கணும்லாம்மா?”

“யார் சொன்னது? என் தங்கச்சி வீடு கொடைக்கானல்லதான் இருக்கு. நான் போய்ப் பார்த்திருக்கேன். அங்க முக்கியமா பார்க்கிறது சூரியனை. வெயில் வந்ததும் ஆரம்பிப்பாங்க. சாயங்காலம் மூடிருவாங்க. ராத்திரி காட்டெருமை வரும்னு எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருவாங்க.”

கோமதி அம்மாள் அதோடு விடவில்லை.

“நட்சத்திரம்தான் பார்க்கணும்னா, சூரியன் என்னம்மா? பிள்ளைங்களுக்கு என்னன்னு எழுதிப்போடுவே?”

வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரி அது. பரீட்சையிலும் கேட்பார். சூரியன் ஒரு நட்சத்திரம். எழுதாத பிள்ளைகளை முட்டிபோடக்கூட வைத்திருக்கிறார். பிறந்தது முதல் தான் ஒரு நட்சத்திரத்தையும் பார்த்ததில்லை என்று இவ்வளவு காலமும் துக்கப்பட்டவர், தினமும் காலையில் அதன் வெளிச்சத்தில்தான் தலை சீவியிருக்கிறார்.

“நட்சத்திரம்” என்றார் டீச்சர் மெதுவாக.

“அப்புறம் என்ன?” கோமதி அம்மாள் கூஜாவிலிருந்து தர்ப்பையை எடுத்து எறிந்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். “பகல்ல நல்லாத் தெரியுதில்ல? அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலை. உன் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே எதையோ கத்தினார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

அடுத்த வருஷம் சித்திரையில் டீச்சர் மலைக்குப் போனார். மனுவேல் படுக்கையைக் கட்டினார், பெட்டியைக் கட்டினார், டிபன் கேரியரைக் கட்டினார், நடுவில் சுறா எண்ணெய் பாட்டில் ஒன்றையும் சேர்த்துக் கட்டினார். அந்த மாதம் முழுவதும் சாயங்காலமானால் பள்ளி வாசல்வரை நடந்துபோய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். சந்தேகக்காரன் என்ற கட்சி அத்தோடு டீக்கடையில் தோற்றது.

திரும்பி வந்து, பள்ளி திறந்த முதல் நாள். முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். டீச்சர் பேசிக்கொண்டே வந்தார். அங்கே வெள்ளைத் திரையில் சூரியனைத் தட்டு அகலத்துக்கு விழவைக்கிறார்கள். அதில் கறுப்பாகப் புள்ளிகள் இருக்கின்றன. சிலது பூமியைவிடப் பெரிது. நாளுக்கு நாள் நகர்கின்றன.

“சூரியன்ல கறுப்பா?” என்றார் மனுவேல். “நெசமாவே இருக்கா?”

“இருக்கு.”

“நான் சொல்லுத மாரி ‘இருக்கு’வா?”

“இல்ல. இது பாத்துட்டு வந்து சொல்லுதது.”

அவர் அதை நம்பினார். கொஞ்ச நேரம் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, கலியாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் கேட்காமலே உள்ளதைச் சொன்னார்.

“இன்னைக்கு ஒரே மேகம். ஒண்ணுமே தெரியல்ல.”

டீச்சர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“பின்னால இருக்கும்லா?” என்றார்.